இனிப்பு சைடருக்குப் பொடியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்

தங்கச்சி, இங்கிலாந்தில் ஹெரிஃபர்ட்ஷையர் பக்கம் வீடு பார்த்தால் பின்தோட்டத்தில் ஓர் ஆப்பிள் மரமாவது இருக்கும். அது இவ்வளவு கொட்டும் என்பதுதான் உனக்குப் புதுசு. ஜாம் போட்டு, ஊறுகாய் போட்டு, அக்கம்பக்கத்துக்குக் கூடை கூடையாகக் கொடுத்தும் தீரவில்லை என்கிறாய். மிச்சத்தில் சைடர் போடலாமா, அதுவும் இனிப்பாக, கடையில் விற்கிற பொடி, மாத்திரை எதுவும் சேர்க்காமல் வருமா என்று கேட்டாய். நன்றாக வரும். அதற்கு ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனசில் வாங்கிக்கொள்: உயிரோடு இருக்கும் ஈஸ்ட்டும் சர்க்கரையும் இறுக மூடிய பாட்டிலுக்குள் ஒன்றாக இருக்கக் கூடாது. நான் கீழே சொல்லப்போகும் வழிகள் எல்லாமே இந்த இரண்டையும் பிரித்து வைக்கிற வழிகள்தான்.

ஒரு லிட்டர் ஆப்பிள் சாற்றில் 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் அதைத் தின்று ஏறக்குறைய பாதியை ஆல்கஹாலாகவும் பாதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றும். விட்டுவிட்டால் சர்க்கரை முழுவதும் தீர்ந்த பிறகுதான் ஓயும். அதனால்தான் வீட்டுச் சைடர் பெரும்பாலும் இனிப்பே இல்லாமல், நாக்கு வறளுகிற மாதிரி வருகிறது. இனிக்கவில்லையே என்று சர்க்கரையை அள்ளிப் போட்டால் அதையும் தின்றுவிடும். போதை கூடுமே தவிர இனிப்பு கூடாது.

இதைத் தடுக்கத்தான் பொட்டாசியம் சார்பேட்டும், கேம்ப்டன் மாத்திரை என்று விற்கிற மெட்டாபைசல்பைட்டும் போடுகிறார்கள். சிலர் ஈஸ்ட் தொடாத சுக்ரலோஸைக் கலக்கிறார்கள். இவற்றை விஷம் என்று சொல்லிப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. அளவோடு சேர்க்கச் சட்டம் அனுமதித்த பொருட்கள்தான். ஆனால் சல்பைட் ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சுக்ரலோஸின் இனிப்பு, விழுங்கிய பிறகும் நாக்கை விட்டுப் போகாது. ஆயிரக்கணக்கான லிட்டர் போட்டு ஊர் ஊராக லாரியில் அனுப்புகிறவர்களுக்கு அந்தக் காப்பு தேவைப்படலாம். ஃப்ரிட்ஜும் கராஜும் வைத்துக்கொண்டு பத்து லிட்டர் போடுகிற உனக்குத் தேவையே இல்லை.

பழத்திலிருந்து ஆரம்பி

மரத்திலிருந்து பறித்த அன்றே பிழியாதே. காற்றாடும் இடத்தில் இரண்டு மூன்று வாரம் பரப்பி வை. காயில் இருந்த மாவுச்சத்து அதற்குள் சர்க்கரையாக மாறும், தோலில் வாசனையும் ஏறும். கட்டைவிரலால் அழுத்திப் பார். தோல் கிழியாமல் லேசாகக் குழி விழுந்தால் அதுதான் பதம்.

கீழே விழுந்த பழத்தை எடுக்கலாம், ஆனால் ஆடு, மாடு, குதிரை மேய்கிற புல்லில் விழுந்தது வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் காய்ச்சாத ஆப்பிள் சாற்றைக் குடித்துப் பிள்ளைகள் ஈ.கோலை கிருமியால் பாதிக்கப்பட்டது 1990களில் பெரிய செய்தி. அடிபட்ட இடத்தை வெட்டி எறிந்தால் போதும். பூசணம் பிடித்ததை முழுசாகவே தூக்கிப்போடு. அந்த நீலப் பூசணம் பாட்டுலின் என்ற நச்சைப் பழத்துக்குள் விட்டிருக்கும், கழுவினால் போகாது. சல்பைட் போடாமல் செய்கிறவளுக்குப் பழத்தின் சுத்தம்தான் காவல். இந்த ஒரு இடத்தில் சிக்கனம் பார்க்காதே.

இனிப்பு வேண்டும் என்றால் புளிப்பைக் குறைப்பது பாதி வேலை. 1903இல் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் லாங் ஆஷ்டன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியவர்கள் சைடர் ஆப்பிளைப் புளிப்பையும் துவர்ப்பையும் வைத்து நாலு வகையாகப் பிரித்தார்கள். அதில் துவர்ப்பும் இனிப்பும் கலந்த வகைதான் உனக்கு வேண்டியது. டேபினெட், யார்லிங்டன் மில் என்று கேட்டால் உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குத் தெரியும். உன் மரம் பிராம்லி என்றால், அது சமையலுக்கான புளிப்பு ஆப்பிள். மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் சேர்க்காதே. காக்ஸ், கேலா மாதிரி சாப்பிடுகிற பழம் மீதியாக இருக்கட்டும். துவர்ப்புக்குத் தோட்டத்தில் காட்டு ஆப்பிள் இருந்தால் ஒரு கைப்பிடி போடு.

பேரிக்காய் கிடைத்தால் ஐந்தில் ஒரு பங்கு சேர். அதில் இருக்கிற சார்பிட்டால் என்ற இனிப்பை ஈஸ்ட்டால் தின்ன முடியாது, சைடரில் அப்படியே தங்கிவிடும். பெரிய இனிப்பு இல்லை, ஆனால் வறட்டுத்தனம் குறையும். நிறையச் சேர்த்தால் வயிற்றைக் கலக்கும், அதனால் ஐந்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்.

சாறு எடுப்பதும் புளிக்க வைப்பதும்

4.5 லிட்டர் பிடிக்கிற ஒரு கண்ணாடி டெமிஜானுக்கு எட்டிலிருந்து பத்து கிலோ பழம் வேணும். பிரஸ் இல்லையென்றால் பழத்தைத் துண்டு போட்டு, விதையை எடுத்துவிட்டு, ஃப்ரீசரில் இரண்டு நாள் கல்லாக உறைய வை. வெளியே எடுத்து இளகவிட்டால் பழம் தொளதொளவென்று ஆகிவிடும். மெல்லிய துணியில் கட்டிக் கையால் பிழிந்தாலே சாறு கொட்டும்.

பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி, உணவுக்கான பிளாஸ்டிக், இவ்வளவுதான். இரும்பு பட்டால் துவர்ப்போடு சேர்ந்து சாறு கறுக்கும். பழைய பீங்கான் ஜாடி, பித்தளைக் குழாய், எங்கோ பரணில் கிடந்த பிரஸ் எதையும் நம்பாதே. 18ஆம் நூற்றாண்டில் டெவன் மாவட்டத்தில் சைடர் குடித்தவர்களுக்குக் கொடிய வயிற்றுவலியும் கைகால் விழுந்துபோவதும் வந்துகொண்டே இருந்தது. சைடர் பிரஸ்ஸில் பூசியிருந்த ஈயம்தான் காரணம் என்று ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் 1767இல் எழுதினார். ஆப்பிளின் புளிப்பு ஈயத்தைக் கரைத்துவிடும், கரைந்த ஈயம் இனிக்கவும் செய்யும். பழைய பொருளின் அழகில் மயங்குகிற ஆள் நீ என்பதால் சொல்கிறேன்.

ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள், விலை அதிகமில்லை. பிழிந்த அன்று சாற்றில் மிதக்கவிட்டுப் பார். நம்மூர் பால்காரரிடம் பாலுக்குப் பார்ப்பார்களே, அதே தத்துவம். 1.045க்கும் 1.055க்கும் நடுவில் நிற்கும். சர்க்கரை குறையக் குறைய எண் இறங்கும், 1.000 வந்தால் இனிப்பு முழுக்கத் தீர்ந்தது. 1.050இலிருந்து 1.000க்கு வந்த சைடரில் ஆல்கஹால் ஆறரை சதவீதம் இருக்கும். பீரை விடக் கூடுதல், ஆப்பிள் ஜூஸ் மாதிரி மடமடவென்று இறங்கும் என்பதால் ஏமாற்றும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வை. வண்டி ஓட்டுகிற அன்றும் கர்ப்பமாக இருக்கும்போதும் தொடக் கூடாது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சல்பைட் போடாததால் சாற்றின் புளிப்பு அளவையும் பார்த்துவிடு. பி.எச். தாள் 3.8க்குக் கீழே காட்ட வேண்டும். மேலே போனால் கெட்ட கிருமிக்கு இடம் கொடுக்கும், கொஞ்சம் பிராம்லி சாற்றைக் கலந்து இறக்கு.

பழத்தோலிலும் பிரஸ்ஸிலும் இருக்கிற காட்டு ஈஸ்ட்டே வேலையைச் செய்துவிடும். மெதுவாகத்தான் செய்யும், இனிப்புச் சைடருக்கு அந்த நிதானம் நல்லது. பயமாக இருந்தால் பாக்கெட் ஈஸ்ட் போடு. ஈஸ்ட் ரசாயனம் இல்லை, உயிர். ஈஸ்ட்டுக்குச் சத்து என்று தனியாக ஒரு பொடி விற்பார்கள், அதை மட்டும் வாங்காதே. ஈஸ்ட்டுக்குத் தீனி போட்டால் இனிப்பைத் துளி விடாது.

முதல் பத்து நாள் நுரை பொங்கி வழியும், துடைத்துக்கொண்டே இரு. அடங்கியதும் கழுத்து வரை சாற்றை நிரப்பி, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக்கை மாட்டு. மேலே காற்றுக்கு இடம் விட்டால் வினிகர் ஆகிவிடும். இடம் 10லிருந்து 15 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உன் கராஜ் அதற்கென்றே கட்டினது மாதிரி. பாய்லர் இருக்கிற அலமாரிப் பக்கம் கொண்டுபோகாதே.

இனிப்பை நிறுத்தும் வழிகள்

முதல் வருஷம் உனக்கு நான் சொல்வது, பார்க்க மிகச் சாதாரணமான வழி. சைடரை முழுக்கப் புளிக்க விடு, 1.000 வரை வரட்டும். இனிப்பைக் குடிக்கிற நேரத்தில் ஜக்கில் சேர். இதைக் குறைவாக நினைக்காதே. பிழிகிற அன்றே நல்ல சாற்றில் இரண்டு மூன்று லிட்டரை எடுத்து, கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே சூடாக்கி ஆறவைத்து, அரை லிட்டர் பிளாஸ்டிக் டப்பாக்களில் முக்கால் அளவு ஊற்றி ஃப்ரீசரில் போட்டுவிடு. குடிக்கிற அன்று ஒன்றை இளகவிட்டு, மூன்று பங்கு சைடருக்கு ஒரு பங்கு சாறு ஊற்று. லிட்டருக்கு 25 கிராம் அளவில் இனிப்பு வந்துவிடும், போதையும் ஆறரையிலிருந்து ஐந்துக்கு இறங்கும். முக்கியமாக, புளிக்கும்போது போன புதுப் பழ வாசனை திரும்ப வரும். சர்க்கரைப் பாகு ஊற்றினால் இனிப்பு மட்டும்தான் வரும், அந்த வாசனை வராது. கலந்ததை அன்றே குடித்துவிடு, மீந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடி. மூடி வைத்து மறந்துவிடாதே.

இந்த வழியில் இன்னொரு லாபமும் உண்டு. முழுக்கப் புளித்த சைடரை வண்டல் நீக்கி வசந்தம் வரை அப்படியே விட்டால், ஏப்ரல், மே மாதம் குளிர் விடும்போது சில நல்ல பாக்டீரியாக்கள் ஆப்பிளின் கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். ஏர்லாக்கில் மறுபடியும் குமிழி வரும், பயப்படாதே. சல்பைட் போட்டிருந்தால் இந்த வேலை பெரும்பாலும் நடக்காது. புளிப்பு இறங்கிய சைடருக்கு இனிப்பும் கொஞ்சமே போதும்.

இரண்டாவது வழி சூடு. பாட்டிலுக்குள்ளேயே இனிப்பு இருக்க வேண்டும், அலமாரியில் மாதக்கணக்கில் வைக்க வேண்டும் என்றால் ஈஸ்ட்டைச் சாகடிக்கத்தான் வேண்டும். சைடரில் வேண்டிய அளவு சாறோ சர்க்கரையோ கலந்து, கண்ணாடி பாட்டிலில் மேலே இரண்டு விரல் இடம் விட்டு ஊற்று. அகலமான அண்டாவில் அடியில் துணி போட்டு பாட்டில்களை நிறுத்து, கழுத்து வரை வெதுவெதுப்பான தண்ணீர் விடு. ஒரு பாட்டிலைத் திறந்தே வைத்து அதற்குள் தெர்மாமீட்டரை இறக்கு. தண்ணீர் என்ன சூடு என்பது கணக்கில்லை, பாட்டிலுக்குள் நடுவில் 65 டிகிரி வந்து அங்கேயே 20 நிமிடம் நிற்க வேண்டும். திருகு மூடியை லேசாக வைத்திருந்து, வெளியே எடுத்ததும் இறுக்கிப் படுக்கப் போடு, சூடு மூடியிலும் படட்டும். குளிர்ந்த கிரானைட் மேல் வைக்காதே, விரிசல் விடும். மரப்பலகை மேல் தானாக ஆறட்டும். ஆப்பிளை வேகவைத்த வாசனை லேசாக ஏறும், அதைத் தவிர குறை இல்லை.

சூடு காட்டுவது வாயு இல்லாத சைடருக்கு மட்டும். நுரைக்கிற சைடரை பாட்டிலோடு சூடாக்கும் முறையைச் சிலர் எழுதுகிறார்கள். உள்ளே ஏற்கெனவே அழுத்தம், அதன் மேல் சூடு. கண்ணாடி சிதறினால் முகத்தில்தான் அடிக்கும். அதை நீ செய்ய வேண்டாம், அக்கா சொன்னால் கேள்.

மூன்றாவது, பொறுமைசாலிகளின் வழி: ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு நிறுத்துவது. எண் 1.025க்கு வந்ததும் டெமிஜானை மேஜை மேல் ஏற்றி ஒரு நாள் அசையாமல் விடு. அடியில் மாவு மாதிரி வெளுப்பாக வண்டல் படிந்திருக்கும். சைஃபன் குழாயின் வாயை அந்த வண்டலுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் பிடித்துக்கொண்டு, கீழே வைத்திருக்கும் சுத்தமான டெமிஜானுக்குள் சைடரை மெதுவாக இறக்கு. குழாயின் மறுமுனை அந்த டெமிஜானின் அடியைத் தொட வேண்டும், சளசளவென்று விழுந்தால் காற்று கலந்து பழுப்பாகிவிடும். கடைசி ஒரு டம்ளர் வண்டலோடு போனால் போகட்டும், ஆசைப்படாதே. வண்டலோடு பாதி ஈஸ்ட்டும் அது சேர்த்து வைத்த சத்தும் போய்விடும். 1.015இல் மறுபடி இதே மாதிரி. ஒவ்வொரு முறையும் எண் இறங்குகிற வேகம் குறையும். உரம் போடாத பழைய மரத்துப் பழம், காட்டு ஈஸ்ட், கராஜ் குளிர் மூன்றும் சேர்ந்தால் 1.010 பக்கத்தில் நின்றுவிடும். நின்ற மாதிரி தெரிவது வேறு, நிஜமாக நிற்பது வேறு; வெயில் வந்தால் தூங்கின ஈஸ்ட் எழுந்துகொள்ளும். அதனால் இப்படிச் செய்த சைடர் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், அல்லது மேலே சொன்ன மாதிரி சூடு காட்டப்பட வேண்டும்.

இதே பட்டினி வித்தையைப் பிரான்சில் நார்மண்டியிலும் பிரிட்டனியிலும் கலையாகவே வைத்திருக்கிறார்கள். கூழாக்கிய பழத்தை ஒரு நாள் ஊறவிட்டுப் பிழிந்து, சாற்றை நல்ல குளிரில் வைப்பார்கள். பழத்திலேயே இருக்கிற ஒரு நொதி பெக்டினை மாற்ற, அது சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து ஜெல்லியாகும். சில நாளில் அந்த ஜெல்லி பழுப்புத் தொப்பி மாதிரி மேலே எழும்பி நிற்கும், ஈஸ்ட்டுக்கு வேண்டிய சத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு. தொப்பிக்கும் அடி வண்டலுக்கும் நடுவில் கண்ணாடியாகத் தெளிந்த சாறு. அதை மட்டும் குழாய் விட்டு எடுப்பார்கள். மாதக்கணக்கில் மெல்லப் புளித்து, இனிப்போடு நின்றுபோகும். அங்கே டூ என்று லேபிள் ஒட்டின சைடரில் ஆல்கஹால் 3 சதவீதத்துக்கு மேல் போகாது, சர்க்கரை லிட்டருக்கு 35 கிராமுக்குக் குறையாது. இப்போது பலர் கால்சியம் குளோரைடும் நொதியும் வாங்கிச் சேர்த்துத் தொப்பியை வரவழைக்கிறார்கள். எதுவும் சேர்க்காமல் செய்தால் சில வருஷம் வரும், சில வருஷம் வராது. பழுப்புக்குப் பதிலாக வெள்ளை நுரை எழும்பினால் தொப்பி வரவில்லை, சாதாரணமாகப் புளிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வீணில்லை, முதல் வழிக்குப் போய்விடு.

கனடாவின் கியூபெக்கில் செய்கிற ஐஸ் சைடரும் உன் ஃப்ரீசருக்குள் அடங்கும். சாறு பாட்டிலை உறையவைத்து ஒரு ஜாடி மேல் கவிழ்த்து வை. சர்க்கரைதான் முதலில் இளகிச் சொட்டும், தண்ணீர் ஐஸாகப் பின்தங்கும். முதலில் சொட்டும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் புளிக்க வை. அவ்வளவு அடர்த்தியான சாற்றில் ஈஸ்ட் திணறும். பத்து சதவீதம் ஆல்கஹால் வரும்போது குளிரில் வைத்து வண்டலை எடுத்துவிட்டால் தேன் மாதிரி இனிப்பு மிஞ்சும். சின்ன கிளாஸில், சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க வேண்டியது. சாறு நிறையச் செலவாகும், அதனால் பழம் கொட்டிக்கிடக்கிற வருஷத்துக்கு வைத்துக்கொள்.

பாட்டில் விஷயத்தில் மட்டும் விளையாடாதே

நுரைக்கிற சைடர் வேண்டுமானால் முழுக்கப் புளித்த சைடரில் லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை போட்டு மூடினால் போதும், பீர் அளவுக்கு வாயு வரும். லிட்டருக்கு 20 கிராம் இனிப்போடு, ஈஸ்ட்டும் உயிரோடு இருக்க மூடினால், முழுக்கப் புளித்து முடியும்போது ஷாம்பெயின் அளவு அழுத்தம் வந்துவிடும். சாதாரண வைன் பாட்டிலும் ஜாம் பாட்டிலும் அதைத் தாங்காது. அதனால் நுரையும் பாட்டிலுக்குள் இனிப்பும் இரண்டும் ஒன்றாக வேண்டும் என்ற ஆசையை இந்த வருஷம் விட்டுவிடு. நுரைக்கிற சைடரை டம்ளரில் ஊற்றி, அதில் சாற்றைச் சேர்த்துக்கொள்.

ஒவ்வொரு தடவை பாட்டில் அடைக்கும்போதும் ஒன்றை மட்டும் சோடா வருகிற பிளாஸ்டிக் பாட்டிலில் அடை. கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லும். அழுத்தினால் அமுங்குகிறதா, நிம்மதி. கல் மாதிரி விறைத்துவிட்டதா, எல்லா பாட்டிலையும் அன்றே ஃப்ரிட்ஜில் ஏற்று, நன்றாகக் குளிர்ந்த பிறகு துணி சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து வாயுவை விடு.

இங்கிலாந்தில் வீட்டுக்குக் குடிக்கச் சைடர் போட அனுமதி வேண்டாம். சர்ச் சந்தையில் இரண்டு பாட்டில் விற்கலாமே என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதே. மது விற்பதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஊரில் இருக்கிற சித்தி பெண்ணுக்கு இந்தக் குறிப்பை அனுப்பாதே. தமிழ்நாட்டில் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் இதைச் செய்வது குற்றம். அவளுக்குப் புளிக்காத சாற்றைப் பாட்டிலில் சூடு காட்டி வைக்கிற முறையைத் தனியாக எழுதுகிறேன்.

பழம் நிறைய இருக்கிறது என்கிறாயே, கையால் பிழிந்து தீராது. பல ஊர்களில் சமூகத் தோட்டக்காரர்கள் பழம் அரைக்கும் இயந்திரத்தையும் பிரஸ்ஸையும் ஒரு நாள் இரவல் தருவார்கள். அக்டோபரில் ஊரே கேட்கும், கிடைக்காது. ஆகஸ்ட் மாதமே போய்ப் பெயர் கொடுத்து வை.